மாண்டலின் பழுது பார்ப்பவர்களுக்கு: முடியாது என்றாலும் சொல்லிவிடுங்கள்

மாண்டலின் செய்கிற, சரி பார்க்கிற அண்ணன்மார்களுக்கு,

வணக்கம். வீட்டில் இரண்டு மாண்டலின் வைத்திருக்கிறேன். ஒன்று அப்பா மெல்லிசைக் குழுவில் வாசித்த எட்டுக் கம்பி மாண்டலின். இன்னொன்று நான் கர்நாடக சங்கீதம் வாசிக்கிற ஐந்து கம்பி எலெக்ட்ரிக் மாண்டலின். வீட்டில் என்று சொன்னது தப்பு. அப்பாவுடையது ஆடி மாதத்திலிருந்து உங்களில் ஒருவர் கடையில் இருக்கிறது. இப்போது கார்த்திகை.

'அடுத்த வெள்ளிக்கிழமை வாங்கிக்கலாம் சார்' என்றார்கள். எத்தனை வெள்ளிக்கிழமை போயிற்று என்று எண்ணுவதை விட்டுவிட்டேன். போன் செய்தால் 'வேலை ஆகிட்டிருக்கு சார்' என்று பதில். போன வாரம் நேரில் போனேன். அலமாரி மேல் தட்டில் நான் கொடுத்த அதே துணிப்பை. அதன் வாயை நாடாவால் நான் இரட்டை முடிச்சுப் போட்டுக் கட்டியிருந்தேன். அந்த முடிச்சு அப்படியே இருந்தது. மேலே ஒரு படலம் தூசி.

தாமதம் எனக்குப் பெரிய விஷயமே இல்லை. அது அப்பாவின் ஞாபகத்துக்காக வைத்திருக்கிற வாத்தியம், அவசரம் ஒன்றும் கிடையாது. 'இப்ப கையில நிறைய வேலை இருக்கு, தை பிறந்தப்புறம் கொண்டு வாங்க' என்று அன்றைக்கே சொல்லியிருந்தால் சந்தோஷமாகத் திரும்பி வந்திருப்பேன். பிரிக்காத முடிச்சை வைத்துக்கொண்டு 'வேலை ஆகிட்டிருக்கு' என்றதைத்தான் தாங்க முடியவில்லை.

உங்கள் தொழிலின் கஷ்டம் எனக்குத் தெரியாமல் இல்லை. வீணை என்றால் தஞ்சாவூரில் பரம்பரையாகச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். கிடாருக்கு ஊர் முழுக்கக் கடை. நம்முடைய மாண்டலின் இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட பிள்ளை. இத்தாலியில் நேப்பிள்ஸ் பக்கம் உருவாகி, அமெரிக்கா போய் வேறு உடம்பு எடுத்து, இங்கே சினிமா ஆர்க்கெஸ்ட்ராவில் உட்கார்ந்திருந்த வாத்தியம். அதைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்தவர் ஆந்திராவில் பாலகொல்லுவில் பிறந்த உ. ஸ்ரீநிவாஸ். 1978-ல் முதல் கச்சேரி செய்தபோது அவருக்கு ஒன்பது வயது. இரட்டை இரட்டையாக இருந்த எட்டுக் கம்பிகள் சுரத்தை அசைத்து வாசிக்கிற கமகத்துக்கு ஒத்துவராது என்பதால், ஒற்றைக் கம்பிகளாக மாற்றி, கம்பியின் அதிர்வை ஸ்பீக்கருக்கு அனுப்புகிற பிக்கப் வைத்து வாசித்தார். அவருக்குப் பிறகு வந்த நாங்கள் எல்லோரும் அந்த வழியில்தான். ஆனால் அந்த மாதிரி ஒன்றைச் சரி பார்க்கத் தெரிந்த கடை எத்தனை இருக்கும்? விரல் விட்டு எண்ணிவிடலாம்.

ஒரு தடவை அவசரத்துக்குக் கிடார் பார்க்கிற கடைக்குக் கொண்டு போனேன். பையைத் திறந்ததும் அந்தத் தம்பி கேட்ட முதல் கேள்வி: 'மீதி மூணு கம்பி எங்க சார்?' சிரித்துவிட்டு விளக்கினேன். அவரும் தலையாட்டினார். இரண்டு நாள் கழித்து வாங்கப் போனால், ச-ப-ச-ப என்று சுருதி சேர்த்திருந்ததை மேற்கத்திய முறைப்படி ஜி-டி-ஏ-ஈ ஆக்கி வைத்திருந்தார். அதுகூடப் பரவாயில்லை, மறுபடி சேர்த்துக்கொள்ளலாம். விரல் பலகையில் குறுக்கே பதித்திருக்கிற உலோகக் கட்டைகளான ஃப்ரெட்டுகளையும் அரத்தால் ராவி வழவழவென்று ஆக்கியிருந்தார். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் நாங்கள் கம்பியைப் பக்கவாட்டில் இழுத்துத்தான் கமகம் பிடிக்கிறோம். ஃப்ரெட் உயரம் குறைந்தால் விரல் நுனி பலகையில் உரசும், இழுக்க வராது. அன்றைக்குச் சாயங்காலம் தோடி ராகம் வாசித்துப் பார்த்தேன். அதன் காந்தார சுரம் அசையவே மாட்டேன் என்றது. ராவுவதற்கு முன்னால் ஒரு போன் செய்திருந்தால் போதும். தம்பி மேல் எனக்குக் கோபமில்லை, நல்ல எண்ணத்தில் செய்த வேலை. ராவின பித்தளையைத் திரும்ப ஒட்ட முடியாது, அவ்வளவுதான்.

இதற்கு நேர் எதிர் ஒரு பெரியவர். வட சென்னையில் ஒரு சந்துக்குள், ஒரு ஆள் உட்கார்ந்தால் இன்னொரு ஆள் நிற்க வேண்டிய அளவு கடை. மூன்றாவது கம்பி இரைகிறது, ஃப்ரெட் தேய்ந்துவிட்டது, மாற்றணும் என்று போய் நின்றேன். அவர் வாத்தியத்தைக் கையில் வாங்கவே இல்லை. 'மொதல்ல நீங்க வாசிங்க தம்பி' என்றார். வாசித்தேன். அவர் என் இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பிக்கப்பின் ஓரத்தில் கட்டை விரலை அழுத்திக்கொண்டு, 'இப்ப வாசிங்க' என்றார். இரைச்சல் காணோம். ஒரு ஸ்க்ரூ தளர்ந்திருந்தது. முறுக்கிவிட்டு ஐம்பது ரூபாய் வாங்கிக்கொண்டார். ஃப்ரெட்? 'இன்னும் ஒரு வருஷம் தாங்கும். அப்ப வாங்க, மாத்தித் தரேன்.' ஆயிரக்கணக்கில் பார்த்திருக்கக்கூடிய வேலையை ஐம்பது ரூபாயோடு அனுப்பிவைத்த மனிதரை விட்டுவிட்டு நான் வேறு எங்கே போவேன்? சரியாக ஒரு வருஷம் கழித்துப் போனேன். என்னோடு இன்னும் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போனேன்.

அப்பாவுடைய மாண்டலினுக்கும் அவர்தான் ஒரு முறை கம்பி மாற்றினார். அதில் கம்பிகளைத் தாங்குகிற கட்டையான பிரிட்ஜ் ஒட்டியிருக்காது, கம்பிகளின் அழுத்தத்தில்தான் நிற்கும். எல்லாக் கம்பியையும் ஒரேயடியாகக் கழற்றினால் சரிந்துவிடும், இருந்த இடம் தெரியாமல் போய்விடும். மாண்டலினில் கம்பியின் நீளமே கிட்டத்தட்ட 35 சென்டிமீட்டர்தான். பிரிட்ஜ் இரண்டு மில்லிமீட்டர் நகர்ந்தாலே மேல் ஸ்தாயி கோணலாவது காதுக்குத் தெரியும். பெரியவர் பிரிட்ஜின் இரண்டு பக்கமும் பென்சிலால் மெல்லிசாகக் கோடு போட்டுக்கொண்டு, ஒவ்வொரு கம்பியாக மாற்றினார். கழற்றின பழைய கம்பிகளைச் சுருட்டி என்னிடமே கொடுத்தார். அவர் இப்போது கடையைத் திறப்பதில்லை, கண் சரியாகத் தெரியவில்லை. அதனால்தான் வேறு கடைக்குப் போய் இந்தத் துணிப்பை விவகாரம்.

அமெரிக்காவில் பில் மன்றோ என்று ஒருவர் இருந்தார். புளூகிராஸ் என்கிற அமெரிக்க நாட்டுப்புற இசை வகைக்கு அப்பன் என்று அவரைச் சொல்வார்கள். மியாமியில் ஒரு சலூனில் விலைக்கு வைத்திருந்த கிப்சன் கம்பெனியின் எஃப்-5 மாண்டலினை 150 டாலருக்கு வாங்கினார். 1923-ல் செய்தது, உள்ளே அந்தக் கம்பெனியின் வடிவமைப்பாளர் லாயிட் லோர் கையெழுத்து இருக்கும். 1950-களின் தொடக்கத்தில் பழுது பார்க்கக் கம்பெனிக்கே அனுப்பினார். மாதக்கணக்கில் காத்திருந்த பிறகு, கேட்ட வேலைகள் எல்லாம் முடியாமலே திரும்பி வந்தது. மனிதர் பேனாக்கத்தியை எடுத்து, தலைப்பகுதியில் பதித்திருந்த 'தி கிப்சன்' என்பதில் கிப்சனைச் சுரண்டி எடுத்துவிட்டார். 'தி' மட்டும் மிச்சம். கம்பெனியின் பெயர் இல்லாத அந்தத் தலையோடுதான் கிட்டத்தட்ட முப்பது வருஷம் மேடை ஏறினார். 1980-ல்தான் சமாதானமாகி, பெயரைத் திரும்பப் பதிக்க விட்டார்.

1985-ல் யாரோ அவர் வீட்டுக்குள் புகுந்து அந்த மாண்டலினை அடித்து நொறுக்கினார்கள். சிம்பு சிம்பாகப் போனதைப் பொறுக்கி எடுத்து அதே கிப்சனிடம்தான் கொடுத்தார்கள். அங்கே சார்லி டெரிங்டன் என்ற கைவினைஞர் மாதக்கணக்கில் உட்கார்ந்து ஒட்டி முடித்தார். அதற்குப் பிறகும் மன்றோ அதை வைத்து வாசித்தார். இப்போது அந்த மாண்டலின் நாஷ்வில்லில் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. முதல் தடவையும் மாதக்கணக்கு, இரண்டாம் தடவையும் மாதக்கணக்கு. முதல் தடவை கத்தியை எடுத்தவர், இரண்டாம் தடவை அதே வாத்தியத்தை மறுபடி தோளில் மாட்டிக்கொண்டார்.

எங்கள் பக்கமும் குற்றம் உண்டு, மறைக்க மாட்டேன். வருஷம் பூராவும் பெட்டிக்குள் வைத்துவிட்டு, மார்கழிக் கச்சேரிக்கு இரண்டு நாள் இருக்கும்போது 'அண்ணே, நீங்கதான் காப்பாத்தணும்' என்று ஓடி வருவோம். கடற்கரை ஊரில் வாசித்து முடித்து வேர்வையைத் துடைக்காமல் வைத்துவிட்டு, கம்பி துருப்பிடிக்கிறது என்று உங்களைத் திட்டுவோம். மூன்று மணி நேர வேலைக்கு நூறு ரூபாய் குறைக்கச் சொல்லிப் பேரம் பேசுவோம். சபாவில் அதே நூறு ரூபாய்க்கு காபியும் போண்டாவும் யோசிக்காமல் சாப்பிடுவோம். வேலைக்குச் சரியான கூலியைக் கேளுங்கள், தருகிறோம்.

பதிலுக்கு நான் கேட்பது, வாங்கும்போது ஒரு துண்டுச் சீட்டு. அதில் தேதி, என்ன வேலை, எவ்வளவு ஆகும் என்று உங்கள் கையெழுத்தில். தேதி தள்ளிப்போனால் நாங்கள் கூப்பிடுவதற்கு முன்னால் நீங்கள் கூப்பிடுங்கள். எதையும் ராவுவதற்கு, அறுப்பதற்கு, ஒட்டுவதற்கு முன்னால் கேளுங்கள். 'இது எனக்குத் தெரியாது, இன்னாரிடம் போங்க' என்று சொல்கிறவரிடம் எனக்கு மதிப்புக் கூடுமே தவிரக் குறையாது.

துணிப்பை இருக்கிற கடைக்கார அண்ணனுக்குத் தனியாக ஒரு வரி. சனிக்கிழமை பதினொரு மணிக்கு வருகிறேன். முடிச்சு அப்படியே இருந்தாலும் பரவாயில்லை. உட்கார்ந்து பேசி ஒரு தேதி வைத்துக்கொள்வோம், தை மாசம் என்றாலும் சரி. பிரிக்கும்போது அந்த நாடாவை மட்டும் வெட்டிவிடாதீர்கள், அது அம்மா தைத்த பை.

இப்படிக்கு,
ஐந்து கம்பிக்காரன்