மாநிலம் தாண்டும் மருந்துச்சீட்டு: தேசிய மருத்துவ ஆணையத்துக்கு ஒரு திறந்த மடல்

தேசிய மருத்துவ ஆணையத்தின் நெறிமுறை மற்றும் மருத்துவப் பதிவு வாரியத்துக்கும், மாநில மருத்துவ கவுன்சில்களுக்கும்,

வணக்கம்.

எந்த மாநிலத்தில் பதிவு செய்த மருத்துவரும் நாட்டின் எந்த மூலையில் உள்ள நோயாளிக்கும் தொலைமருத்துவம் பார்க்கலாம் என்று 2020 மார்ச் 25 அன்று வந்த வழிகாட்டுதல்கள் அனுமதித்தன. அது பெரிய உதவி. வேலூரிலோ சென்னையிலோ சிகிச்சை முடித்து மேற்கு வங்கத்தின் மால்டாவுக்கும் ஜார்க்கண்டின் தன்பாத்துக்கும் திரும்பியவர்கள், மருந்தின் அளவை மாற்றுவதற்காக மறுபடியும் ரயிலேற வேண்டியதில்லை. ஆனால் எல்லை தாண்டியது மருத்துவரின் உரிமை மட்டுமே. அவரைக் கேள்வி கேட்கும் வழி அவர் பதிவு செய்த மாநிலத்திலேயே நின்றுவிட்டது.

திருவாரூரில் இருக்கும் ஒருவர், மகாராஷ்டிராவில் பதிவு செய்த மருத்துவரிடம் செயலி வழியாக ஆலோசனை பெறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். சிகிச்சையில் தவறு நேர்ந்தால் அவர் மகாராஷ்டிர கவுன்சிலில்தான் முறையிட வேண்டும். அந்த மருத்துவரின் பதிவில் கைவைக்கத் தமிழ்நாடு கவுன்சிலுக்கு அதிகாரம் இல்லை. தமிழில் உள்ள புகாரை மொழிபெயர்ப்பதும், விசாரணைக்கு மும்பை போய்வருவதும் நோயாளியின் தலையில் விழுகின்றன. இதே நபர் இழப்பீடு கேட்டு நுகர்வோர் ஆணையத்துக்குப் போனால், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 34ஆம் பிரிவுப்படி தான் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், காணொளி விசாரணையும் கோரலாம். பணம் கேட்பதற்குச் சொந்த ஊரில் கதவு திறந்திருக்கிறது. அந்த மருத்துவர் தொடர்ந்து சீட்டு எழுதலாமா என்று கேட்பதற்குத்தான் ஆயிரம் கிலோமீட்டர் போக வேண்டியிருக்கிறது. இது எங்களுக்கு ஏற்கத்தக்கதாகப் படவில்லை.

எனவே, புகாரை நோயாளி வசிக்கும் மாநிலத்தின் கவுன்சிலே வாங்க வேண்டும். 15 நாட்களுக்குள் ஆலோசனைப் பதிவுகளைத் திரட்டி, மொழிபெயர்ப்புடன் மருத்துவரின் கவுன்சிலுக்கு அனுப்புவது அதன் வேலையாக வேண்டும். விசாரணை காணொளியில் நடக்கட்டும். முடிவெடுக்க 2002ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை ஒழுங்குமுறைகள் தரும் ஆறு மாதக் கெடு, புகார் முதலில் கிடைத்த நாளிலிருந்து ஓடட்டும். தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்தின் 30ஆம் பிரிவு, மேல்முறையீட்டு உரிமையை மருத்துவருக்கு மட்டுமே எழுதி வைத்திருக்கிறது. அது நோயாளிக்கும் வேண்டும்.

அடுத்தது மருந்துக்கடை. மருத்துவரின் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத 'பட்டியல் எச்' மருந்தைக் கொடுக்கும்போது, சீட்டில் மருத்துவரின் கையெழுத்துக்கு மேலே கடையின் பெயர், முகவரி, தேதி ஆகியவற்றைக் குறிக்க வேண்டும் என்கிறது 1945ஆம் ஆண்டு மருந்து விதிகளின் 65ஆம் விதி. மருத்துவர் எழுதித் தந்தாலொழிய ஒரு சீட்டுக்கு ஒரு முறைதான் மருந்து. ஆனால் கவுன்டரில் நீட்டப்படுவது காகிதமே அல்ல, வாட்ஸ்அப்பில் வந்த படம். மருந்தாளுநர் எதன்மேல் எழுதுவார்? ஒரே படத்தைக் காட்டி ஐந்து கடைகளில் ஐந்து முறை வாங்கிவிடலாம். நான்காவது கடைக்காரருக்கு முந்தைய மூன்றைப் பற்றித் தெரிய வழியில்லை.

படத்தில் இருக்கும் விவரமும் போதாது. தொலைமருத்துவ வழிகாட்டுதல்களில் உள்ள 'பட்டியல் ஏ' மருந்துகளை முதல் ஆலோசனையிலேயே எழுத, அது காணொளியில் நடந்திருக்க வேண்டும். சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மினோடு சிட்டாகிளிப்டின் சேர்ப்பது போன்ற 'பட்டியல் பி' மாற்றங்களுக்கு அது தொடர் ஆலோசனையாக இருக்க வேண்டும். அதாவது நேரில் பார்த்த ஆறு மாதங்களுக்குள், அதே மருத்துவரிடம், அதே நோய்க்கு. நடந்தது காணொளியா வெறும் போன் பேச்சா, முதலா தொடர்ச்சியா என்பது சீட்டில் இல்லாதபோது, விதி மீறப்பட்டதைக் கடைக்காரர் எப்படிக் கண்டுபிடிப்பார்? சந்தேகப்பட்டுத் திருப்பி அனுப்பினால் உண்மையான நோயாளி ரத்த அழுத்த மாத்திரை இல்லாமல் போகிறார். கொடுத்தால் மருந்து ஆய்வாளரிடம் பதில் சொல்ல வேண்டியவர் கடைக்காரர்.

ஒவ்வொரு தொலைமருத்துவச் சீட்டிலும் ஒரு க்யூஆர் குறியும், அதன் கீழே எஸ்எம்எஸ்ஸில் சரிபார்க்கும்படி ஒரு குறுங்குறியீடும் இருக்க வேண்டும். அதைத் திறந்தால் மருத்துவரின் பெயர், கவுன்சில், பதிவு எண், ஆலோசனையின் வகை, இன்னும் கொடுக்க வேண்டிய மாத்திரைகளின் எண்ணிக்கை ஆகியவை தெரிய வேண்டும். கொடுத்ததைக் கடைக்காரர் அங்கேயே பதிய வேண்டும். நோயின் பெயர் அதில் வேண்டியதில்லை.

அவசர நிலையிலும் மாநில எல்லை குறுக்கே நிற்கிறது. கொல்கத்தாவில் இருக்கும் மருத்துவர், காணொளியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரியும் கடலூர்க்காரருக்காகத் தன் போனில் 108ஐ அழைத்தால், அது தமிழ்நாட்டின் கட்டுப்பாட்டு அறைக்குப் போகாது. வழிகாட்டுதல்கள் கேட்கும் முகவரி மட்டும் இங்கே உதவாது. நோயாளி அந்த நேரத்தில் மகள் வீட்டில் இருக்கலாம். அதனால் ஆலோசனை தொடங்கும்போதே மூன்று கேள்விகளைக் கட்டாயமாக்குங்கள்: இப்போது இருக்கும் இடமும் பின்கோடும், பக்கத்தில் இருப்பவரின் போன் எண், 24 மணி நேரமும் இயங்கும் அருகிலுள்ள மருத்துவமனை. கேட்டு எழுத ஒரு நிமிடம்கூட ஆகாது. மாவட்டவாரியான நேரடி அவசர எண்களை மாநில அரசுகளிடமிருந்து வாங்கி மருத்துவர்களுக்குத் தருவது ஆணையத்தின் பொறுப்பு.

இவற்றில் சிலவற்றுக்குச் சட்டத் திருத்தம் தேவை, அதற்குக் காலம் பிடிக்கும். ஒன்றை மட்டும் இந்த மாதமே ஒரு சுற்றறிக்கையால் செய்துவிடலாம். சீட்டில் பதிவு எண்ணைக் காட்டச் சொல்வதோடு இன்றைய வழிகாட்டுதல்கள் நின்றுவிடுகின்றன. ஒவ்வொரு கவுன்சிலும் தனக்கென்று தனி வரிசையில் எண் தருவதால், ஒரே ஐந்திலக்க எண் பல மாநிலங்களில் பல மருத்துவர்களுக்கு இருக்கிறது. எண்ணுக்கு முன்னால் கவுன்சிலின் பெயரையும் போடச் சொல்லுங்கள். 2024 ஆகஸ்டில் தொடங்கிய தேசிய மருத்துவப் பதிவேட்டின் அடையாள எண்ணைப் பெற்றவர்கள் அதையும் சேர்க்கட்டும்.

இப்படிக்கு,
தொலைமருத்துவப் பணியில் உள்ள மருத்துவர்கள், மருந்தாளுநர்கள்