தாராக்களைக் கிளப்பிப் படம் எடுக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

யாழ்ப்பாணத்தை அடுத்த கல்லுண்டாய் வெளி என்ற திறந்த நிலத்தில் கொட்டப்படும் குப்பையைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டார்கள். நான் எழுத வந்தது, மாரி மழைக்குப் பிறகு அங்கே தேங்கும் தண்ணீரில் வந்து இறங்கும் பறவைகளைப் பற்றி.

பொங்கலுக்கு அடுத்த ஞாயிறு விடிய ஆறரை மணிக்கு ஆனைக்கோட்டையிலிருந்து சைக்கிளில் போய் வீதியோரமாக நின்றேன். முழங்கால் அளவுகூட இல்லாத தண்ணீரில் ஊசிவால் தாராக்கள் (ஒரு வகைக் காட்டு வாத்து) கூட்டமாக மேய்ந்துகொண்டிருந்தன, தலையும் கழுத்தும் தண்ணீருக்குள்ளே, வால் மட்டும் வானத்தைப் பார்த்தபடி. ஆண் தாரா நிமிரும்போது பார்க்கவேண்டும்: கபில நிறத் தலை, அதற்குப் பின்னால் மெல்லியதாகத் தொடங்கி கழுத்தோடு இறங்கி நெஞ்சில் அகலமாகும் வெள்ளை. பக்கத்திலேயே நெடுங்கால் உள்ளான்கள், சிவந்த குச்சிக் கால்களை ஒவ்வொன்றாகத் தூக்கி வைத்து நடந்தன.

அந்த நேரம் மோட்டார் சைக்கிளில் வந்த இரண்டு பேர் வீதியை விட்டு வெளிக்குள் இறக்கி, ஒருவர் கை தட்ட மற்றவர் கமராவைப் பிடிக்க, கூட்டம் முழுவதும் கிளம்பியது. திரும்பி இறங்கப் பார்த்தபோது மறுபடி தட்டினார்கள். மூன்றாம் முறைக்குப் பிறகு ஒரு தாராவும் இல்லை.

அந்தப் பெடியளுக்கும் பறவையில் விருப்பம்தான், அதனால்தான் சொல்கிறேன். இந்தத் தாராக்கள் சைபீரியா, மத்திய ஆசியா போன்ற இடங்களில் குஞ்சு பொரித்துவிட்டு, அங்கே தண்ணீர் உறையத் தொடங்க ஐப்பசி, கார்த்திகையில் இங்கே வருபவை. பங்குனி, சித்திரையில் திரும்பவும் அவ்வளவு தூரம் பறக்கவேண்டும். அதற்கான கொழுப்பை இங்கே தின்றுதான் உடம்பில் சேர்க்கவேண்டும். நாம் ஒவ்வொரு தடவையும் கிளப்பிவிட, தின்கிற நேரமும் போகிறது, தின்றதும் வீணாகிறது. ட்ரோன் பறக்கவிடுவது இதைவிட மோசம், மேலே பருந்து வந்ததுபோலத்தான் அவை மிரளும்.

சுண்டிக்குளம் 1938 இலேயே பறவைகள் சரணாலயமாகி 2015 இல் தேசியப் பூங்காவானது, சரி, ஆனால் பள்ளிக்கூடப் பிள்ளை நினைத்த நேரம் அங்கே போகமுடியுமா? கல்லுண்டாய்க்குச் சைக்கிளே போதும். வாகனத்தை வீதியில் நிறுத்தி, முடிந்தால் உள்ளேயே இருந்து பாருங்கள், நடந்து வரும் ஆளுக்குப் பயப்படுகிற அளவுக்கு நிற்கும் வாகனத்துக்கு அவை பயப்படுவதில்லை. பத்து நிமிடம் அசையாமல் இருந்தால் தாமாகவே கிட்ட வரும், படமும் நன்றாக வரும்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். பங்குனி வரைக்கும் ஞாயிறு இதழில் வாரம் ஒரு பறவையின் படத்தை, எங்கள் கடற்றொழிலாளர்கள் அதைக் கூப்பிடும் பெயரோடு போடுங்கள். முதல் வாரம் ஊசிவால் தாரா வரட்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
ஆனைக்கோட்டை