வந்தேன், வரவில்லை

அன்புள்ள கண்ணம்மா,

நேற்று போனில் உன் குரலே சரியில்லை. மீட்டிங்கில் "ஐ டிட் நாட் வென்ட்" என்று வாயில் வந்துவிட்டது, அதற்குப் பிறகு பேசவே தோன்றவில்லை என்றாய். ராத்திரி முழுக்க அதுதான் மனசில். ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்த நான், உன்னைத் திருத்தினேனே தவிர உட்காரவைத்து விளக்கியதில்லை.

"வந்தேன்" என்கிறோம். இல்லை என்று சொல்ல வேண்டுமென்றால்? "வந்தவில்லை" என்று யாராவது சொல்வோமா? "வரவில்லை". வந்தேனில் இருந்த இறந்தகாலம் அங்கே கழன்றுவிடுகிறது, பார்த்தாயா? இங்கிலீஷிலும் அதே கதைதான். டிட் வந்தால் இறந்தகாலத்தை அதுவே சுமந்துகொள்ளும். வென்ட் மறுபடி கோ ஆகிவிடும். டிட் நாட் கோ. வரவில்லை என்பதை நினைத்துக்கொண்டால் போதும்.

கேள்வியில்தான் தமிழ் கைகொடுக்காது. "போனாயா?" என்னும்போது நமக்குக் காலம் வினையிலேயே இருக்கிறது. அவர்களுக்கு அங்கேயும் டிட் வேண்டும், டிட் யூ கோ. இந்த இடத்தில் மட்டும் கொஞ்சம் நிதானி.

"நான் போனபோது ரயில் கிளம்பியிருந்தது" என்கிறோமே, அந்த "இருந்தது"தான் ஹேட். ஹேட் லெஃப்ட். இது உனக்குச் சுலபமாக வரும்.

ஒழுங்கில்லாத வினைகளின் அட்டவணையை வைத்துக்கொண்டு நீ அழுதது ஞாபகமிருக்கிறது. வென்ட் என்பதே கோவுக்குச் சொந்தமில்லை; வேறொரு பழைய வினையின் இறந்தகாலம் அது, கோவோடு வந்து ஒட்டிக்கொண்டது. நம்மிடமும் பார், விழு என்றால் விழுந்தான், அழு என்றால் அழுதான். அழுந்தான் என்று ஏன் இல்லை? அட்டவணை போட்டா கற்றாய்? காதில் கேட்டுக் கேட்டுப் படிந்தது.

உச்சரிப்பில் ஒன்று. எழுத்தில் இ.டி. இருக்கிறதே என்று வாக்கெட் என்று இழுக்காதே, வாக்ட். டகர ஒலியில் முடிகிற வினைக்கு மட்டும்தான் கூடுதலாக ஓர் அசை வரும்: வான்டட், எண்டட்.

சின்ன வயதில் நீ ஆசையாக ஏதாவது சொல்ல வரும்போதெல்லாம் பாதியில் நிறுத்தித் திருத்தினேன். இன்றைக்கும் நடுவில் உன் வாய் அடைத்துப்போவதற்கு அது ஒரு காரணமோ என்று உறுத்துகிறது. ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது, அந்த வாரம் என்னென்ன நடந்தது என்று எனக்கு இங்கிலீஷிலேயே சொல்லு. நீ முடிக்கும்வரை நான் வாயைத் திறக்கமாட்டேன்.

அம்மா