யோபுவின் முதல் பத்துப் பிள்ளைகள்

ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் சூப்பர் ஹீரோ தொடர்களைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். இப்போதெல்லாம் ஹீரோக்கள் சண்டை போடுவதைவிட மூலையில் உட்கார்ந்து அழுவதுதான் அதிகம் என்று கட்டுரையாளர் கிண்டல் செய்திருந்தார். பாதி உண்மைதான். பல தொடர்களில் ஒரு கல்லறை, கொஞ்சம் மழை, பின்னணியில் வயலின். அடுத்த காட்சியில் ஆள் முகமூடியை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறார். ஆனால் அந்தப் பட்டியலில் ‘டேர்டெவில்’ மூன்றாவது சீசனையும் சேர்த்தது எனக்குப் பொறுக்கவில்லை.

2018இல் நெட்ஃபிளிக்ஸில் வந்தது அது. நாயகன் மாட் மர்டாக், நியூயார்க்கின் ஹெல்ஸ் கிச்சன் பகுதியில் பகலில் வக்கீல், இரவில் முகமூடி போட்ட டேர்டெவில். சின்ன வயதில் கண்ணில் ரசாயனம் பட்டுப் பார்வை போனவன். மற்ற புலன்கள் அபாரக் கூர்மை. முந்தைய கதையில் ஒரு பெரிய கட்டடம் இடிந்து விழும்போது, காதலித்த எலெக்ட்ராவோடு உள்ளேயே நின்றுவிட்டவன். அவன் மட்டும் தனியாக வந்து சேர்கிறான். தான் வளர்ந்த கத்தோலிக்க அநாதை இல்லத்தின் நிலவறையில், ஒரு காது கேட்காமல் கிடக்கிறான். கண் தெரியாதவனுக்குக் காதும் போனால் என்ன மிச்சம்?

அங்கே தன்னைப் பார்த்துக்கொள்ளும் சிஸ்டர் மேகியிடம் பைபிளில் வரும் யோபுவைப் பற்றிப் பேசுகிறான். பத்துப் பிள்ளைகளைப் பறிகொடுத்தும் கடவுளைச் சபிக்காத யோபு ஒரு கோழை என்கிறான். எங்கள் ஊர் மாதா கோயிலில் இப்படிப் பேசியிருந்தால் அன்றைக்கே வீட்டுக்கு ஆள் வந்திருக்கும். எனக்கு மறைக்கல்வி வகுப்பு ஞாபகம் வந்தது. கடைசியில் யோபுவுக்கு ஆடு, ஒட்டகம் எல்லாம் இரண்டு மடங்காகக் கிடைத்தன, மறுபடியும் ஏழு மகன்கள், மூன்று மகள்கள் பிறந்தார்கள் என்று டீச்சர் சந்தோஷமாக முடிப்பார். சரி, செத்துப்போன அந்த முதல் பத்துப் பேர்? இது எனக்குள் ரொம்ப நாள் கிடந்தது. டீச்சரிடம் கேட்கத் தைரியம் இருந்ததில்லை.

சிஸ்டர் மேகி அவனுக்கு இனிப்பாக ஒரு வார்த்தை சொல்வதில்லை. சுருக்கென்று பேசுகிறார், கட்டுப் போடுகிறார், மூக்கில் உப்புத் தண்ணீர் விட ஒரு கிண்ணத்தைக் கொடுக்கிறார். நம் யோகா மாஸ்டர்கள் ஜலநேதி என்பார்களே, அதேதான். ரத்தக்கட்டி வெளியே வந்து காது திறக்கிறது. சூப்பர் ஹீரோவின் சக்தி திரும்ப மின்னல் வேண்டாம், ஒரு கிண்ணம் தண்ணீர் போதும் என்று வைத்தார்களே, அதை மிகவும் ரசித்தேன். ஆனால் காது திறந்த பிறகும் மனசு திறப்பதில்லை. அடியாட்களிடம் அடி வாங்கப் போகிறவனைப் பார்த்தால் சாவைத் தேடித்தான் போகிறான் என்று தெரிகிறது. அவனை முழுசாக எழுப்பிவிட்டது கோபம். அவன் முன்பு சிறைக்கு அனுப்பிய நிழலுலகத் தலைவன் வில்சன் ஃபிஸ்க், எஃப்பிஐக்குத் தகவல் சொல்கிறேன் என்று பேரம் பேசிச் சிறையிலிருந்து சொகுசு ஹோட்டல் மாடிக்கு வந்துவிடுகிறான். அவனைக் கொன்றே தீர்வது என்று மாட் முடிவு செய்கிறான். நம்பிக்கை இழந்தவன் எழுந்து நடக்கிறான் என்பதாலேயே தேறிவிட்டான் என்று நாம் எடுத்துக்கொள்ள முடியாதபடி கதையை அமைத்திருக்கிறார்கள்.

(இனிமேல்தான் பார்க்கப்போகிறவர்கள் அடுத்த பத்தியைத் தாண்டிவிடுங்கள்.)

மேகிதான் அவனைப் பெற்றவர். பிரசவத்துக்குப் பின் வந்த மன அழுத்தத்தில் குழந்தையை விட்டுவிட்டு மடத்துக்கே திரும்பியவர். இத்தனை வருடம் தாயென்று சொல்லாமலேயே பக்கத்தில் இருந்திருக்கிறார். லாண்டம் பாதிரியாருக்கும் அது தெரியும். சிறுவயதிலிருந்து தன் பாவசங்கீர்த்தனத்தைக் கேட்ட மனிதர் இப்படி மறைத்துவிட்டாரே என்று மாட் கொதிக்கிறான். அந்த மனஸ்தாபம் தீர்வதற்குள், டேர்டெவில் உடையைப் போட்டுக்கொண்டு கோயிலுக்குள் வந்த கொலைகாரனிடமிருந்து மாட்டின் தோழி கேரனைக் காப்பாற்றக் குறுக்கே விழுந்து பாதிரியார் இறந்துபோகிறார். அதாவது, குற்ற உணர்வில் வெந்துகொண்டிருந்தவனுக்கு ஆறுதல் சொன்ன இருவருமே அதே உணர்வில் வெந்துகொண்டிருந்தவர்கள். கட்டுரையாளர் சொல்லும் மூலையில் உட்கார்ந்து அழுகிற காட்சி இதில் எங்கே இருக்கிறது?

இதன் தொடர்ச்சியாக 2025 மார்ச்சில் வந்த ‘டேர்டெவில்: பார்ன் அகெய்ன்’ பற்றி அவர் கிண்டல் செய்ததை வேண்டுமானால் ஒப்புக்கொள்கிறேன். தொடக்கத்திலேயே நண்பன் ஃபாகியைக் கொல்கிறார்கள், மாட் கொலையாளியை மாடியிலிருந்து தள்ளிவிடுகிறான், உடனே ஒரு வருடம் தாண்டிவிடுகிறது கதை. அந்த ஒரு வருடத்தை அல்லவா காட்டியிருக்க வேண்டும்! முகமூடியைக் கழற்றி வைத்தவன் வெறும் வீட்டில் என்ன செய்தான் என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆசை.

அப்புறம் ஒரு திருத்தம். ‘கடைசிவரை மாட்டுக்குத் துணையாக நிற்கும் பாதிரியார்’ என்று கட்டுரையில் இருக்கிறது. அவர் பத்தாவது அத்தியாயத்திலேயே இறந்துவிடுகிறார். சீசன் பதின்மூன்று அத்தியாயம். கட்டுரையாளர் எத்தனையாவதில் டிவியை அணைத்தார் என்று கேட்டுச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தூத்துக்குடி