மன்றோவைப் பற்றி நீங்கள் கேட்டதற்கு

அன்புள்ள ராமலிங்கம் அவர்களுக்கு,

வணக்கம். இங்கு அனைவரும் நலம். மகள் வீட்டில் தங்கிவிட்டுச் சென்ற வாரம்தான் திரும்பினேன். பதில் தாமதமானதற்குப் பொறுத்தருள்க. வருவாய்த் துறையிலேயே காலம் கழித்த நீங்கள், பின்னாளில் சென்னை மாகாண கவர்னரான தாமஸ் மன்றோவுக்கு இத்தனை புகழ் தகுமா என்று கேட்டிருந்தீர்கள். பெரும்பகுதி தகும் என்பதே என் எண்ணம். ஆனால் பலரும் சொல்லும் காரணத்துக்காக அல்ல.

1761இல் கிளாஸ்கோவில் பிறந்து, 1780இல் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் சேர்ந்து சென்னைக்கு வந்தவர் அவர். போர்க்களத்தைவிட, 1792இல் திப்புவிடமிருந்து பாரமகால் (இன்றைய சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதி) கம்பெனியின் கைக்கு வந்தபின் அலெக்சாண்டர் ரீடின் உதவியாளராக அங்கே கழித்த ஏழாண்டுகளே அவரை உருவாக்கின. வங்காளத்தில் கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸ் 1793இல் ஜமீன்தார்களோடு நிரந்தர ஒப்பந்தம் செய்துகொண்டிருந்த அதே காலத்தில், இடையில் எவரும் நில்லாமல் ஒவ்வொரு குடியானவரோடும் சர்க்கார் நேரே கணக்கு வைத்துக்கொள்ளும் ரயத்துவாரி முறை இங்கே உருப்பெற்றது. நீங்கள் ஆண்டுதோறும் நடத்திய கிராம வருவாய்க் கணக்குத் தணிக்கையான ஜமாபந்திக்கும் அந்த முறைக்கும் உள்ள உறவை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இடையில் ஜமீன்தார் இல்லை என்பதற்காகச் சுமை குறைந்துவிடவில்லை. பெல்லாரி, கடப்பை உள்ளிட்ட பகுதிகளில் 1800 முதல் ஏழாண்டுகள் கலெக்டராக இருந்து வரி விதித்தவரும் மன்றோதான்; அந்த வரி தாங்கக்கூடியதன்று என்று 1807இல் எழுதியவரும் அவர்தான். தீர்வையில், அதாவது நிலவரியில், 25 விழுக்காட்டைக் குறைத்துச் சர்க்கார் பங்கை விளைச்சலில் மூன்றில் ஒன்றாக்கினால்தான் நிலத்துக்கே ஒரு விலை உண்டாகும் என்று அவர் வாதிட்டார். மேலிடத்துக்கு வருமானக் கவலை. அவர் இங்கிலாந்து சென்றதும் கிராமங்களை மொத்தமாகக் குத்தகைக்கு விட்டுப் பார்த்தார்கள், அது பாழாயிற்று. 1820இல் அவரே கவர்னராக வந்த பிறகுதான் அந்தக் குறைப்பு கிடைத்தது. அதுவரை கிஸ்தி கட்டியவர்களின் நிலையை எண்ணிப் பாருங்கள். வசூலிப்பவரே அதன் கொடுமையைக் கணக்கோடு எழுதி வைத்தார் என்பதே என் மதிப்புக்குக் காரணம்.

மற்றொன்றையும் மறைக்கக் கூடாது. உயர்பதவிகளிலிருந்து இந்தியரை விலக்கிவைப்பது அவர்களைத் தாழ்த்தும் என்றும், அவர்கள் தம்மைத் தாமே ஆளும் நாள் வரவேண்டும் என்றும் 1824இல் எழுதியவர், அதற்கு இரண்டாண்டு முன்பு பத்திரிகைச் சுதந்திரம் அந்நிய ஆட்சியோடு ஒத்துவராது என்று அதை எதிர்த்தார். சிலர் இதை முரண் என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கம்பெனி ஆட்சி நிலைக்க வேண்டும், அது நிலைக்கும்வரை குடிகள் வாழவேண்டும் என்ற ஒரே எண்ணத்தின் இரு பக்கங்களே அவை.

தாயகம் திரும்பும் முன் தாம் கலெக்டராக இருந்த பகுதிகளை ஒருமுறை பார்க்கச் சென்றவர், 1827 ஜூலை 6 அன்று பத்திகொண்டாவில் காலராவுக்குப் பலியானார்.

தருமபுரியில் நீங்கள் பணியாற்றிய நாளில், அவர் காலத்துத் தீர்வைக் கணக்கு ஏதேனும் கண்ணில் பட்டதுண்டா? விரிவாக எழுதுங்கள்.

அன்புடன்,
கணேசன்