கொலையாளி தெரிந்த பிறகும் படிக்க…

ஆசிரியருக்கு வணக்கம்.

'கையில் எடுத்தால் கீழே வைக்க முடியாத மர்ம நாவல்கள் சில சொல்லுங்களேன்' என்று சென்ற இதழில் ஒரு வாசகர் கேட்டிருந்தார். நீங்கள் கொடுத்த பதிலில் ராஜேஷ்குமார், சுபா, பட்டுக்கோட்டை பிரபாகர் எல்லோரும் வந்துவிட்டார்கள். சந்தோஷம். ஆனால் விறுவிறுப்பை மட்டுமே அளவுகோலாக வைத்தது போதாது என்று எனக்குப் படுகிறது. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து, இறங்குவதற்குள் முடித்துவிடுகிற மாத நாவலுக்கு அது போதும். அதையும் நான் மட்டமாகச் சொல்லவில்லை. ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத இரண்டு கதைகளை அத்தியாயம் மாற்றி அத்தியாயம் ஓட்டி, கடைசியில் ராஜேஷ்குமார் முடிச்சுப் போடுவாரே, அது லேசான வேலை இல்லை.

நான் சொல்ல வந்தது வேறு ரகம். குற்றவாளி யார் என்று தெரிந்துவிட்ட பிறகும், உடனே முதல் பக்கத்துக்குத் திரும்பிப் போக வைக்கிற நாவல்கள்.

அந்த வகையில் முதலில் கெய்கோ ஹிகாஷினோவின் 'தி டிவோஷன் ஆஃப் சஸ்பெக்ட் எக்ஸ்'. ஜப்பானில் 2005இல் வந்து, அந்த நாட்டு இலக்கியப் பரிசான நவோகி பரிசு வாங்கியது. ஆங்கிலத்தில் சுலபமாகக் கிடைக்கிறது. இதில் கொலை நம் கண் முன்னாலேயே ஆரம்பத்தில் நடந்துவிடுகிறது. யார் செய்தது, எதற்காக என்பதெல்லாம் நமக்குத் தெரியும். தொல்லை கொடுக்க வந்த முன்னாள் கணவனை ஒரு பெண்ணும் அவள் மகளும் கொன்றுவிடுகிறார்கள். பக்கத்து வீட்டுக் கணக்கு வாத்தியார் இஷிகாமி வந்து, 'நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று பொறுப்பை ஏற்றுக்கொள்கிறார். அப்புறம் போலீசும், இஷிகாமியின் பழைய கல்லூரி நண்பரான இயற்பியல் பேராசிரியர் யுகாவாவும் வருகிறார்கள். எல்லாம் தெரிந்த நமக்கே கடைசியில் எதுவும் தெரியாமல் போவதுதான் கதையின் சாமர்த்தியம். ஒன்று மட்டும் சொல்கிறேன்: முதல் அத்தியாயத்தில் இஷிகாமி வேலைக்கு நடந்து போகிற பக்கங்களை வெறும் வர்ணனை என்று தாண்டிவிடாதீர்கள். இதற்கு மேல் வாயைத் திறந்தால் பாவம். ஜப்பானியப் பெயர்கள் கொஞ்ச நேரம் குழப்பும். ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டால் சரியாகிவிடும்.

அடுத்தது மிகப் பழையது. வில்கி காலின்ஸ் 1868இல் எழுதிய 'தி மூன்ஸ்டோன்'. 1799இல் திப்பு சுல்தான் வீழ்ந்த சீரங்கப்பட்டணத்தில், ஒரு வெள்ளைக்கார அதிகாரி கொள்ளையடித்த வைரத்தோடு கதை தொடங்குகிறது. பல வருடங்கள் கழித்து அந்த வைரம் இங்கிலாந்தில் ஒரு பெண்ணுக்குப் பிறந்தநாள் பரிசாகப் போய்ச் சேர்கிறது. அன்று ராத்திரியே காணாமலும் போகிறது. நடந்ததை ஒருவர் மாற்றி ஒருவர் தம் தம் பங்குக்கு எழுதுகிறார்கள். அவர்களில் ஒருவர் வீட்டின் தலைமை வேலைக்காரர், எதற்கெடுத்தாலும் 'ராபின்சன் குரூசோ'வைப் புரட்டி விடை தேடுகிறவர். போகிற வீட்டிலெல்லாம் பக்திப் பிரசுரங்களை ஒளித்துவைத்துவிட்டு வருகிற ஓர் அம்மாள் எழுதும் பகுதியில் நான் விழுந்து விழுந்து சிரித்தேன். துப்பறிய வரும் சார்ஜென்ட் கஃப், விசாரணைக்கு நடுவில் ரோஜாத் தோட்டத்துப் பாதையைப் பற்றித் தோட்டக்காரரோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார். இதைப் படிக்கப் பொறுமை வேண்டும், பெரிய புத்தகம். காப்புரிமைக் காலம் முடிந்துவிட்டதால் இணையத்தில் காசில்லாமலே கிடைக்கும்.

அகதா கிறிஸ்டியைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1926இல் வந்த 'ரோஜர் அக்ராய்டின் கொலை'யை எடுங்கள். தயவுசெய்து அதைப் பற்றி எதையும் தேடிப் படிக்காதீர்கள், பின்னட்டையைக்கூட. முடித்த கையோடு மறுபடி படித்தால், அந்த அம்மா எதையும் மறைக்கவில்லை, நாம்தான் கவனிக்கவில்லை என்பது புரியும். பயமும் வேண்டும் என்றால் தீவில் பத்துப் பேர் மாட்டிக்கொள்ளும் 'அண்ட் தென் தேர் வேர் நன்'. துப்பறிந்து மர்மத்தை அவிழ்க்க ஒருவருமே இல்லாத கதை அது.

தமிழில் என் ஓட்டு சுஜாதாவின் 'கொலையுதிர் காலம்' நாவலுக்கு. குமுதத்தில் தொடராக வந்தது. துப்பறியும் வக்கீல்களான கணேஷும் வசந்தும் ஒரு சொத்து விவகாரமாகப் போன இடத்தில் பேய் மாதிரி ஏதோ நடமாடுகிறது. விஞ்ஞானமா, அமானுஷ்யமா என்ற கேள்வியைப் பிடித்த பிடி விடாமல் கொண்டு போகிறார். ராத்திரி தனியாகப் படிக்க வேண்டாம் என்று சிலர் சொல்வார்கள். ராத்திரிதான் படிக்க வேண்டும்.

எங்கள் ஊர்ப் பாசத்தில் இன்னொன்று: வடுவூர் துரைசாமி ஐயங்காரின் 'கும்பகோணம் வக்கீல்'. 1950இல் எம்.என். நம்பியார் நடித்து வெளிவந்த 'திகம்பர சாமியார்' படத்தின் மூலக்கதை. நடை பழையது, இடையிடையே உபதேசம் நீளும். ஆனாலும் துப்பறிகிற அந்தச் சாமியார் வலை விரிக்கிற அழகுக்காகச் சகித்துக்கொள்ளலாம்.

கடைசியாக உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் நூல் அறிமுகப் பகுதியில் மர்ம நாவல் வரும்போது, கதைச் சுருக்கத்தை முதல் கால்வாசியோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லுங்கள். சில மாதங்களுக்கு முன் வந்த ஓர் அறிமுகம், நான் பாதி படித்துக்கொண்டிருந்த நாவலின் கொலையாளியை மூன்றாவது பத்தியிலேயே பெயர் சொல்லிக் காட்டிக்கொடுத்துவிட்டது. எழுதியவர் மீது கோபம் இன்னும் தீரவில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கும்பகோணம்.