விழுபவரெல்லாம் நடிகர்களா?

ஆசிரியர் அவர்களுக்கு,

'கால்பந்து வீரர்கள் அடிபட்டதுபோல் நன்றாக நடிக்கிறார்கள்' என்று ஒரேயடியாகச் சொல்லிவிடுவது நியாயமில்லை. நடிப்பு உண்டுதான். 2002 உலகக் கோப்பையில் துருக்கி வீரர் உதைத்த பந்து பிரேசில் வீரர் ரிவால்டோவின் தொடையில்தான் பட்டது. அவரோ முகத்தைப் பொத்திக்கொண்டு சுருண்டு விழுந்தார். துருக்கி வீரர் வெளியேற்றப்பட்டார். பிறகு உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபா ரிவால்டோவுக்கு அபராதம் போட்டது. யாருக்கு என்ன பயன்? இன்று நினைத்தாலும் மனசு ஆறவில்லை.

ஆனால் 1982 அரையிறுதியை மறக்கலாமா? மேற்கு ஜெர்மனி கோல்கீப்பர் ஷூமாக்கர் பாய்ந்து மோதியதில், பிரான்சின் பத்திஸ்தோன் பல் உடைந்து நினைவிழந்து கிடந்தார். நடுவர் ஃபவுல்கூடக் கொடுக்கவில்லை! 2018-இல் உருண்டு புரண்டதற்காக உலகமே கேலி செய்த பிரேசிலின் நெய்மாருக்கு, 2014 காலிறுதியில் கொலம்பிய வீரரின் முழங்கால் இடித்து முதுகெலும்பே முறிந்தது. முழு வேகத்தில் ஓடுபவரின் கணுக்காலில் பூட்ஸ் லேசாக உரசினாலே போதும், நிலைகுலைந்துவிடுவார்.

நடித்தால் மஞ்சள் அட்டை என்ற விதி போதாது. நடுவரை ஏமாற்றி பெனால்டி வாங்கியதோ, எதிராளியை வெளியேற்ற வைத்ததோ பின்னர் வீடியோவில் உறுதியானால், இங்கிலாந்தில் 2017 முதல் இரண்டு ஆட்டம் தடை. உலகக் கோப்பைக்கும் அதைக் கொண்டுவர வேண்டும்.

ஒரு கால்பந்து ரசிகர்,
தூத்துக்குடி